அமிர்தலிங்க வாத்தியார் பார்த்த மூன்று ஷிஃப்ட்

திரை விழுந்தது.

நாடகம் முடிந்தால் திரை விழத்தானே வேண்டும் என்பீர்கள். எங்கள் திரை கயிறு, கம்பி, கம்பியைத் தாங்கிய மூங்கில் என்று சகல பரிவாரங்களோடும் விழுந்தது. மேடை ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் பென்சிலும் கையில் நாடகப் பிரதியுமாகக் குந்தியிருந்த நான் சபைக்கு முழு தரிசனம் கொடுத்தேன். இதுவும் கதையில் வருகிற கட்டம் போலிருக்கிறது என்று நினைத்து மொத்த மண்டபமும் எழுந்து நின்று கைதட்டியது.

என்னைப் பார்த்து ஒரு கூட்டம் எழுந்து நின்றது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான். கேன்டீனில் சாம்பார் வாளியை மேஜைமேல் நான் கவிழ்த்த அன்று.

அந்தக் கைதட்டலை நான் அனுபவித்திருக்க வேண்டும். முடியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி தனலட்சுமி.

“அண்ணி மூணாவது சீன்லயே எழுந்து பூட்டாங்கண்ணே” என்றான் ஏழுமலை. பக்கத்து ஊர் வடக்குத்துக்காரன், எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் நாடகத்தில் விளக்கு, ஒலிபெருக்கி, விழுந்த திரை எல்லாம் அவன் பொறுப்பு. “நம்ம ஹீரோ ஜோசப்பு அந்த வசனத்த சொன்னாரு பாரு, ஊரே கண்ணத் தொடச்சிக்கினு இருக்குது, அண்ணி மட்டும் குனிஞ்சி செருப்பத் தேடிக்கினு இருந்தாங்க.”



தனம் கருத்துச் சொல்லாமல் எழுந்து போகிற ஆள் இல்லை. பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருந்த வீட்டுப் பெண். பழத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, “நாளான்னிக்கு மத்தியானம் அறுங்க” என்பாள். நாளை அறுத்தால் காய், அவள் சொன்னதற்கு மறுநாள் அறுத்தால் குழைவு. சினிமா, சாம்பார், என் மூக்கு, என் அண்ணனின் இரண்டாவது மருமகள் என்று எதைப் பற்றியும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவளிடம் கருத்து உண்டு. உலகத்தில் அவள் கருத்துச் சொல்லாமல் விட்ட முதல் பொருள் என் நாடகம்.

கொரோனா ஓய்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் முழுசாகப் பார்க்க ஆரம்பித்திருந்த சமயம் அது. நான் ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தது.

வாத்தியார் பிறந்த கதை

அமிர்தலிங்க வாத்தியார் மிகப் புகழ்பெற்ற நாடக ஆசிரியர். நூறு வருஷத்துக்கு முன்னால் தென்னாற்காட்டுச் சீமையைக் கட்டி ஆண்டவர். கேள்விப்பட்டதில்லையா? பட்டிருக்க முடியாது. ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு, நான்தான் அவரை உண்டாக்கினேன்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் போய் ஒட்டுகிற கோஷ்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். பெல்ட் நன்றாக ஓடினால் எங்களுக்கு வேலை இல்லை. எங்கள் பிரிவில் கவிஞர்கள் அதிகமாக இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் வேண்டும் என்றார்கள். செயலாளர் டெண்டர் விடுவதுபோல விவரம் கொடுத்தார்: “சரித்திரமா இருக்கணும், காதல் இருக்கணும், சிரிப்பு வரணும், ரெண்டு மணி நேரத்துல முடியணும்.” நான் டெண்டர் எடுத்தேன்.

கதை இதுதான். வாத்தியாருக்குச் சண்டை எழுத வரும், சாபம் எழுத வரும், காதல் மட்டும் வராது. நாடகக் கம்பெனி முதலாளி அவரை உடுப்பு அறையில் தள்ளிப் பூட்டுகிறார். காதல் காட்சி எழுதி முடித்தால்தான் கதவு திறக்கும். மேடைக்கு விளக்கேற்ற வரும் கனகவல்லி ஜன்னலுக்கு வெளியே நின்று அவரைக் கிண்டல் செய்கிறாள். அவள் பேசப் பேச, இவர் உள்ளே எழுதிக்கொள்கிறார். மூன்றாம் காட்சியில் மனசைத் திறந்து அவளிடம் ஒன்று சொல்கிறார். பிறகு கம்பெனி நாடகம் பிரமாதமாக ஓடுகிறது. கனகவல்லி வந்து பார்க்கிறாள். மேடையில் கேட்பதெல்லாம் அவளுடைய பேச்சு! கோபிக்கிறாள். ஒரு நிமிஷம் கோபிக்கிறாள். வாத்தியார் ஒரு பாட்டுப் பாடுகிறார். மாலை, மேளம், சுபம்.

வாத்தியாராக ஜோசப். கிரேன் ஆபரேட்டர், கணீரென்ற குரல், தலையில் முடி கிடையாது, விக் வாங்கினோம். கனகவல்லியாகப் பிலோமினா டீச்சர்.

எல்லாம் சரி. அந்த மூன்றாம் காட்சியில் வாத்தியார் என்னதான் சொல்கிறார்? மூன்று வாரம் எழுதினேன். “தேனே, கனியே, கற்கண்டே” என்று ஆரம்பித்ததை ஜோசப் படித்துவிட்டு, “கோதண்டம், இது காதலா, மளிகை லிஸ்டா?” என்றார்.

வாத்தியாருக்குக் காதல் எழுத வராது என்று எழுதினேனே, அது கற்பனை என்றா நினைத்தீர்கள்?

ஒரு டைம் டேபிளும் ஒரு பதிலும்

எங்களுக்கு நிச்சயமாகி எட்டு மாதம் கழித்துத்தான் கல்யாணம். அவள் பண்ருட்டியில், நான் சுரங்கத்து டவுன்ஷிப்பில். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் அந்தக் காலத்தில் மாப்பிள்ளை அப்படி பஸ் ஏறிவிடக் கூடாது. கடிதம் எழுதலாம்.

நான் எழுதிய கடிதங்களின் இலக்கிய நயம் இது: “இந்த வாரம் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அடுத்த வாரம் செகண்ட். அதற்கடுத்த வாரம் நைட். நலம். நலமறிய ஆவல்.” என் மச்சான் அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டி, “மாப்ள டைம் டேபிள் அனுப்பியிருக்காரு” என்று சொன்னாராம்.

பொங்கலுக்கு மறுநாள் சாப்பிட வருவதாக ஒரு தடவை ஒப்புக்கொண்டிருந்தேன். பெரியவர்களே கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து ரிலீவர் வரவில்லை. ரிலீவர் என்றால், நம் ஷிஃப்ட் முடியும்போது வந்து வேலையை வாங்கிக்கொள்கிற ஆள். அவன் வராவிட்டால் இடத்தைவிட்டு நகர முடியாது. அவன் ஷிஃப்ட்டையும் நாமேதான் பார்க்க வேண்டும். பண்ருட்டியில் எனக்காக இலை போட்டுக் காத்திருந்தார்கள். நான் சுரங்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதிலும் முக்கால் பக்கம் ரிலீவர் முறை பற்றிய விளக்கம்தான். அதற்கு தனம் எழுதிய பதில் எட்டே வரி. கடைசியில் இப்படி முடிந்தது: “...அந்த வேலைக்கு எனக்கு ரிலீவர் கிடையாது. மூன்று ஷிஃப்ட்டும் நானேதான் பார்க்கிறேன்.”

எந்த வேலைக்கு என்பது அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது. அந்த வரியை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. இந்தப் பாதிக்கே இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது.

மூன்றாம் காட்சியில் சிக்கிக்கொண்டு விழித்த ஒரு சாயங்காலம், பீரோவில் வேறு எதையோ தேடப் போய், அந்தக் கடிதக் கட்டு கையில் கிடைத்தது. முழு வரியையும் எடுத்து வாத்தியார் வாயில் போட்டேன். கடிதம் எனக்குத்தானே வந்தது, ஆகவே என்னுடையதுதானே என்று ஒரு நியாயம். தனத்துக்கு ஒரு சர்ப்ரைஸ் என்று இன்னொரு நியாயம். திருடும்போது மனசு வக்கீல் வேலை பார்க்கிறது.

ஜோசப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இது நீயா எழுதுன?”

“ம்” என்றேன். பொய் சொல்ல வாயைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை.



திரை விழுந்த இடத்துக்கு வருகிறேன்.

சிதம்பரத்தில் நடக்கவிருந்த ஒரு நாடக விழாவுக்கு நாடகம் தேர்ந்தெடுக்கக் கடலூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். விழுந்து கிடந்த திரையைத் தாண்டி மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“நாடகம் நன்றாக இருந்தது. ஒரே ஒரு சந்தேகம். கதை நடப்பது நூறு வருடங்களுக்கு முன்னால். அப்போது இங்கே சுரங்கமே கிடையாது. ஆனால் அமிர்தலிங்க வாத்தியார் ‘ஷிஃப்ட்’ என்கிறார். ‘ரிலீவர்’ என்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்?”



சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. எழுதிய எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த ஜோசப்புக்குத் தோன்றவில்லை. இலக்கணம் சொல்லிக்கொடுக்கிற பிலோமினா டீச்சருக்கே தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஒரு குழந்தை அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் காதில் வாங்குகிற சொல், “ஷ்ஷ்! அப்பா நைட் ஷிஃப்ட்!” என்பதுதான். அந்தச் சொல் இங்கிலீஷ் என்றோ, அதற்கும் ஒரு பிறந்த தேதி உண்டு என்றோ நாங்கள் நினைத்ததே இல்லை.

பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “சார், அப்போ அந்தக் காலத்துல எல்லாருக்கும் ஜெனரல் ஷிஃப்ட்டுங்களா?”

கிண்டல் இல்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பகல் வேலைதானா என்ற நிஜமான சந்தேகம்.

பேராசிரியர் பதில் சொல்வதற்குள் இன்னொருவர் உதவிக்கு வந்தார். “நாடகக்காரங்களுக்கு ஏதுங்க ஜெனரல்? சாயங்காலந்தான வேல? செகண்ட் ஷிஃப்ட்டு.”

“அப்ப ரிலீவர் எதுக்கு?”

“வாத்தியாருக்கு ஒடம்பு சரியில்லன்னா?”

பேராசிரியர் மைக்கை வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கருத்தும் இட்லியும்

மண்டப வாசலில் ஒரு கருத்துப் பெட்டி வைத்திருந்தோம். கேன்டீன் புகார்ப் பெட்டியைத்தான் கடன் வாங்கி, மேலே ‘நாடகம்’ என்று தாள் ஒட்டியிருந்தோம். முன்பு இருந்ததை யாரும் காலி செய்யவில்லை. அதனால் மறுநாள் காலை நானும் ஏழுமலையும் உட்கார்ந்து பிரித்தபோது சில சிக்கல்கள் வந்தன.

“‘கல் போல இருக்கிறது, மென்றால் இறங்கவில்லை’ன்னு ஒருத்தர் எழுதிக்கீறாருண்ணே. இது இட்லியா, நாடகமா?”

“இட்லின்னு வச்சிக்க.”

“‘நேற்றையதையே சூடு பண்ணிக் கொடுக்கிறார்கள்.’”

“அதுவும் இட்லிதான்.”

“‘கோதண்டத்தை மாற்ற வேண்டும்.’”

“...அதைத் தனியா வை.”

மற்றபடி நல்ல கருத்துகள்தான். இரண்டாம் காட்சி முழுக்க விக்கின் பின்பக்கம் முன்னால் இருந்தது என்று ஒருவர் கவனித்திருந்தார். இடைவேளையில் டியூட்டிக்குப் போய்விட்டதால் முடிவு என்ன ஆனது என்று தெரிவிக்கும்படி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: “அமிர்தலிங்க வாத்தியாரை என் தகப்பனார் நேரில் பார்த்திருக்கிறார். அவர் இவ்வளவு குண்டு இல்லை.”

பாதிக்கு மேல் மூன்றாம் காட்சியைப் பற்றியவை. “அந்த ரிலீவர் வசனம் அருமை.” “அந்த வசனத்துக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன்.” ஒரு சீட்டு இன்னும் நினைவிருக்கிறது: “அந்த வசனம் வந்ததும் என் மனைவி என் கையைப் பிடித்தாள். பத்து வருடம் ஆயிற்று. நன்றி.”

ஒவ்வொரு சீட்டையும் பிரிக்கும்போது நான் தேடியது ஒரு கையெழுத்தை. ‘ன’வுக்கு வால் நீட்டி எழுதுகிற, எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. அது அந்தப் பெட்டியில் இல்லை.

வீட்டில் பேச்சு இருந்தது. “சாப்பாடு இருக்கு.” “தண்ணி நின்னுடும், குளிச்சிடுங்க.” “கேஸ் வந்துச்சு.” செய்தி வாசிப்பதுபோல. ஒரு முறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “நாடகம் எப்படி இருந்துது தனம்?” என்று கேட்டேன். “எல்லாரும் நல்லாருக்குன்னுதான சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் போட்டாள். ஜாடியில் ஒன்றுமில்லை. வெறும் ஜாடி சுற்றியது.

பதினோரு நாள் அப்படிப் போயிற்று. என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு செய்தேன் என்றுதான் தெரியவில்லை.

ஏழுமலையின் மனு

இதற்கிடையில் பேராசிரியரிடமிருந்து தகவல் வந்தது. நாடகம் சிதம்பரத்துக்குத் தேர்வாகிவிட்டது. அந்த வசனத்தை மட்டும் நீக்கிவிட வேண்டும், காலப் பிழை.

ஊர் கொதித்தது. எங்கள் ஊருக்குப் போராட்டம் புதிதில்லை. கேன்டீன் டீயில் சர்க்கரை குறைந்தாலே கேட் மீட்டிங் போடுகிறவர்கள். வசனத்தை விடுவார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுமலை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். கையில் நீளமான தாள். தலைப்பு: “நூறு ஆண்டு பழமை வாய்ந்த வசனத்தை நீக்கும் முயற்சியைக் கைவிடக் கோரி.”

“அண்ணி, மொதோ கையெழுத்து நீங்கதான் போடணும்” என்றான். “அண்ணன் வசனத்துக்கு அண்ணி கையெழுத்து இல்லன்னா நல்லாருக்காது.”

தனம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். நிதானமாகப் படித்தாள்.

“இந்த வசனத்த யாரு எழுதுனது, ஏழுமல?”

“இன்னா அண்ணி, தெரியாத மாரி கேக்கறீங்க. அண்ணன்தான்!”

தனம் என்னைப் பார்த்தாள். பதினோரு நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

“ஏழுமலை, டீ சாப்புடுறியா?” என்றேன் நான்.

“குடிச்சிட்டுதாண்ணே வந்தேன்.”

“இன்னொரு டீ?”

“அவன் டீ கேக்கலீங்க” என்றாள் தனம். “நான்தான் ஒண்ணு கேட்டேன்.”

தப்பிக்க வழி இல்லை. “அது நான் எழுதலை” என்றேன்.

ஏழுமலையின் முகம் மலர்ந்தது. “அப்ப நெசமாவே வாத்தியாரு எழுதுனதா? அதான பாத்தேன், ஒனக்கு எப்பிடிண்ணே வரும்னு!”

“வாத்தியாரே கிடையாதுடா! அது தனம் எழுதினது. கல்யாணத்துக்கு முன்னால எனக்குப் போட்ட லெட்டர்ல இருந்தது.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். பெரிய மனுஷனாகிவிட்டதுபோல இருந்தது. ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறேன்; இனி தனத்தின் முகம் தெளியும், மத்தியானம் வடை சுடுவாள் என்றுகூட நினைத்தேன்.

தனத்தின் முகம் சிவந்துபோயிருந்தது.

“இப்ப அதையும் சொல்லியாச்சா?”

ஏழுமலை மனுவை நான்காக மடித்தான். “நான் பால் வாங்கணும்” என்றான். காலை பதினோரு மணிக்கு யாருக்கும் பால் தேவைப்படாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“தப்புதான் தனம்” என்றேன். “சிதம்பரத்துல நோட்டீஸ்லயே போட்டுடறேன். ‘வசன உதவி: தனலட்சுமி.’”

“உதவியா?”

“சரி, ‘வசனம்’னே போடறேன். பெரிய எழுத்துல.”

“பேரு போடறதுக்கா எழுதுனேன்?” என்றாள். முப்பது வருஷ டவுன்ஷிப் பேச்சு கழன்று விழுந்து பண்ருட்டிப் பேச்சு வந்துவிட்டது. “அது லெட்டருங்க. கவர் மேல ஒரே ஒரு அட்ரஸ்தான் எழுதியிருந்தேன். அந்த அட்ரஸ்ல இருந்த ஆளு படிச்சாரு, போதும்னு இருந்தேன். இன்னைக்கி ஜோசப்பு விக்கு வெச்சிக்கினு அத பிலோமினா டீச்சருகிட்ட சொல்றாரு. ஊரே கை தட்டுது. எனக்கு இன்னா இருந்திச்சு தெரியுமா? குளிக்கற ரூமு கதவ யாரோ தொறந்துட்ட மாரி இருந்திச்சு.”

 எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற ஆள் நான். அன்றைக்கு எதுவும் வரவில்லை.

“அப்பறம் அந்தக் கனகவல்லி” என்றாள். “ஒரு நிமிசத்துல கோவம் போயி மாலைய எடுத்துக்கினு வந்து நிக்கறா. எந்தூருப் பொண்ணுங்க அது?”

“கற்பனை.”

“அதான பாத்தேன்.”

அடுப்படிப் பக்கம் போனவள் திரும்பி வந்தாள். “அந்த வரி வேணாம். எடுத்துடுங்க. புரபசர் சொன்னாருன்னு இல்ல. நான் சொல்றேன்.”

பெல்ட் ஒட்டுகிறவன் வசனத்தை அறுத்த கதை

எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரத்துக்கு நான்தான் தலைப்புச் செய்தி. “கோதண்டம் புரபசருக்குப் பயந்துவிட்டார்.” “சரணாகதி.” ஒருவர் குரல் பதிவே போட்டிருந்தார்: “முப்பது வருசமா பெல்ட்ட ஒட்டுனவன், வசனத்த அறுத்துட்டான்யா!” நன்றாக இருந்ததால் நானே அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டேன்.

ஏழுமலை மட்டும் வீடு வீடாகப் போய் மனுவைத் திரும்பப் பெற்றான். காரணம் கேட்டவர்களிடம், “வாத்தியாரு குடும்பத்துல ஆட்சேபணை பண்றாங்க” என்றானாம். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவன் இன்றுவரை வேறு எதுவும் யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் காப்பாற்றத் தெரிந்த ஆள் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அவனிடம் யாரும் ரகசியம் சொன்னதில்லை.

இப்போது மூன்றாம் காட்சியில் ஓட்டை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் நிற்கிறார், கனகவல்லி பார்க்கிறாள், சொல்ல ஒன்றுமில்லை. மறுபடியும் எழுதினேன். நிலா வந்தது, அடித்தேன். நதி வந்தது, அடித்தேன். ஒரு முறை அசந்த நேரத்தில் எங்கள் சுரங்கத்து லிக்னைட் கரி வந்துவிட்டது. நெஞ்சுக்குள் புதைந்து கிடந்து எரிகிறதாம். நூறு வருஷத்துக்கு முன்னால் அதையும் யாரும் தோண்டவில்லையே என்று அதையும் அடித்தேன்.

ஒத்திகைக்கு முந்தைய நாள் தனத்திடமே போய், “கனகவல்லி கடைசியில் மன்னிப்பாளா, மாட்டாளா?” என்று கேட்டேன்.

“அவளக் கேளுங்க. என்னக் கேக்காதீங்க” என்றாள்.

அன்று மத்தியானம் எழுதியதுதான் நின்றது. வாத்தியார் ஜன்னல் வழியாகப் பேனாவை வெளியே போட்டுவிடுகிறார். போட்டுவிட்டுச் சொல்கிறார்: “கனகவல்லி, எனக்கு எழுத வரவில்லை. நீ பேசு. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.”

அவ்வளவுதான். கடைசிக் காட்சியின் பாட்டையும் மாலையையும் எடுத்துவிட்டேன். கனகவல்லி விளக்கை எடுத்துக்கொண்டு, “நாளைக்கு வருகிறேன். வந்தால் பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஜோசப் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எழுத வரலைன்னு எழுதியிருக்க. இதுக்கா கோதண்டம் இத்தனை நாளு?”

சிதம்பரத்தில் காலை அமர்வில் நாடகம். டவுன்ஷிப்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். திரை ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடியது. அதனால் யாரும் எழுந்து நிற்கவில்லை. மூன்றாம் காட்சியில் கைதட்டல் வரும் என்று ஜோசப் சற்று நிறுத்திப் பார்த்தார். ஒருவர் இருமினார். ஜோசப் மேலே தொடர்ந்தார்.

பேராசிரியர் என் கையைக் குலுக்கினார். “இப்போது காலப் பிழை இல்லை” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “முன்னால் இருந்ததில் ஏதோ ஒன்று இருந்தது” என்றார். எங்கள் ஆட்கள் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. “அந்த வசனம் இருந்திருந்தா கப்பு நம்மளுதுதான்” என்று சாப்பாட்டுப் பந்தியில் என் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். ஆறுதல் பரிசு கிடைத்தது. யாருக்கும் ஆறுதல் இல்லை.

சேத்தியாத்தோப்பு தாண்டி

சாப்பிட்டதும் பஸ் கிளம்பியது. தனம் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள் என்று தெரியும். எப்படி இருந்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கரும்பு லாரி ஒன்றின் பின்னால் பஸ் ஊர்ந்தது. சேத்தியாத்தோப்பு தாண்டியதும், வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“ஜோசப்பு விக்கு இன்னைக்கி நேரா இருந்திச்சு.”

கருத்து! என் காதுக்கு அது சங்கீதமாக இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

“அந்தப் புது வசனம்” என்றாள்.

“ம்?”

“வசனம் மாரியே இல்ல.”

“ஆமா.”

“நீங்களா எழுதுனீங்க?”

“நானேதான்.”

“தெரியிது” என்றாள். முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள். ஆனால் தோள் என் தோளில் சாய்ந்திருந்தது. பஸ் குலுங்கியதால் என்று அவள் சொல்கிறாள். அந்த ரோடு அவ்வளவு மோசம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “அன்னைக்கி நீங்க வரல இல்ல, பொங்கலுக்கு மறுநாளு?” என்று ஆரம்பித்தாள். நான் ரிலீவர் இல்லாமல் சுரங்கத்தில் நின்ற நாள். அந்த நாள் என் பக்கத்தில் எப்படி இருந்தது என்று முக்கால் பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் பக்கத்தில் எப்படி இருந்தது என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. இலை போட்டது, அவள் அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தது, மச்சான் சொன்னது, அதற்கு அவள் சொன்னது என்று வரிசையாக வந்தது. பேச்சு சூடு பிடித்த இடத்தில் சட்டென்று நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள்.

“நான் சொல்றத கேட்டுக்கினு வர்றீங்களா, இல்ல மனசுக்குள்ள எழுதிக்கினு வர்றீங்களா?”

“கேட்டுக்கினுதான் வர்றேன்” என்றேன்.

என் முகத்தை ஒரு நிமிஷம் பரிசோதித்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வடலூர் வந்தது, போனது. டவுன்ஷிப் ஆர்ச் வரும்வரை பேசினாள்.

அதில் ஒரு வரிகூட இங்கே இல்லை.